மெதடிஸ்ட் பாதிரிமாரிடம் நாவலர் கற்ற தொழில்

தொழில்முனைவோர் என்றதும் நமக்கு நாராயணமூர்த்தி, பில் கேட்ஸ் என்று சில பெயர்கள் நினைவுக்கு வரும். பாதிரியார் யாரும் நினைவுக்கு வர மாட்டார். ஆனால் சொந்தப் பணத்தைப் போட்டு, ஆள் சேர்த்து, முன்பின் தெரியாத நாட்டில் ஒரு காரியத்தைத் தொடங்குவதுதான் தொழில்முனைவு என்றால், தாமஸ் கோக்கையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

கோக் இங்கிலாந்தின் மெதடிஸ்ட் தலைவர்களில் ஒருவர். 1813-ல், 66-வது வயதில், ஆசியாவுக்கு ஒரு மிஷன் புறப்பட வேண்டும் என்று சபையிடம் கேட்டார். செலவை நினைத்துச் சபை தயங்கியது. தன் சொந்தப் பணத்தில் 6,000 பவுன் வரை தருவதாகச் சொல்லிச் சம்மதம் வாங்கினார். இளம் ஊழியர்களுடன் கப்பல் ஏறியவர், 1814 மே 3 அன்று நடுக்கடலிலேயே இறந்துபோனார்.

யோசித்துப் பாருங்கள். பணம் போட்டவரும் இல்லை, தலைவரும் இல்லை. பம்பாயில் இறங்கியவர்களுக்கு ஒரு வணிகர் கடன் கொடுத்து உதவினார். ஜூன் மாதக் கடைசியில் இலங்கையின் காலித் துறைமுகத்தை அடைந்தார்கள். பிறகு ஆளுக்கொரு ஊராகப் பிரிந்தார்கள். லிஞ்சும் ஸ்குவான்சும் யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள். மட்டக்களப்புக்குப் போன வில்லியம் ஆல்ட் அதே வருடம் அங்கே பள்ளி தொடங்கினார், 1815-ல் இறந்துவிட்டார். அச்சுத்தொழில் தெரிந்த ஹார்வர்ட் கொழும்பில் அச்சகத்தைக் கவனித்தார்.

பள்ளிக்கூடம், அச்சகம், கிழமை தவறாத பிரசங்கம். இவைதான் அவர்களுடைய மூன்று கருவிகள். மக்களுக்குத் தேவையான கல்வியைக் கொடுத்து, அதன் வழியே தங்கள் மதத்தையும் கொண்டுபோவது அவர்கள் திட்டம்.

இனிதான் சுவாரசியமே. 1826-ல் யாழ்ப்பாணம் வந்த பீட்டர் பர்சிவல் அங்கிருந்த மெதடிஸ்ட் பள்ளியை வளர்த்தார். இன்றைய யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி அதுதான். அங்கே படித்து, அங்கேயே ஆசிரியராகி, பர்சிவலின் தமிழ் பைபிள் மொழிபெயர்ப்புக்கும் உதவியவர் ஆறுமுக நாவலர்.

அவர் கிறிஸ்தவர் ஆகவில்லை. தொழிலை மட்டும் கற்றுக்கொண்டார். 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலில் சைவப் பிரசங்கத்தை ஆரம்பித்து, வெள்ளிக்கிழமைதோறும் தொடர்ந்தார். 1848-ல் மிஷன் வேலையை விட்டார்; அதே வருடம் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1849-ல் சென்னைக்குப் போய் அச்சு இயந்திரம் வாங்கினார். அதே மூன்று கருவிகள்! அமெரிக்க மிஷனும் யாழ்ப்பாணத்தில் இவற்றைப் பயன்படுத்தியது உண்மைதான். ஆனால் நாவலர் அருகிலிருந்து பார்த்தது பர்சிவலைத்தான்.

அப்படியானால் மெதடிஸ்டுகள் தோற்றுவிட்டார்களா? மதம் மாறியவர்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால், தங்களுக்குப் பலமான போட்டியாளரைத் தாங்களே உருவாக்கிக்கொண்டார்கள் எனலாம். ஆனால் தமிழ்க் கல்வியையும் அச்சையும் பார்த்தால், இரண்டு பக்கமும் போட்டி போட்டதில் நமக்கு லாபமே. நாவலரின் பாலபாடமும், பழைய நூல்களின் பிழையற்ற பதிப்புகளும் அப்படி வந்தவைதானே?

ஒரு விஷயத்தையும் மறைக்கக் கூடாது. நாவலர் சாதி ஒழுங்கை ஆதரித்தவர். பள்ளியும் அச்சும் புதியவை. உள்ளே யார் வரலாம் என்ற விதி பழையது. ஒரு முறையை எளிதாகக் கற்றுக்கொண்டுவிடலாம். அது யாருக்காக என்பதைத் தீர்மானிப்பதுதான் கஷ்டம். இன்று புதுமை, கண்டுபிடிப்பு என்று பேசும் நாமும் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், நண்பர்களே?