கரையேற்றிய கரங்கள்: இப்னு பதூதாவும் கடலோர மக்களும்

கடலையும் அதில் மிதந்து செல்லும் கப்பல்களையும் இறைவனின் அத்தாட்சிகளாகத் திருக்குர்ஆன் பல இடங்களில் நமக்கு நினைவூட்டுகிறது. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் என்று கடலை நம்பி வாழ்ந்த ஊர்களின் வழிவந்த நமக்கு அந்த நினைவூட்டல் மிக நெருக்கமானது. ஆயினும் நாம் படிக்கும் கடல் வரலாறு பெரும்பாலும் வணிகர்களையும் சுல்தான்களையும் பற்றியதாகவே இருக்கிறது. அந்தக் கப்பல்களைச் சிறு படகுகளில் எதிர்கொண்டு, பயணிகளுக்கு உணவும் இடமும் தந்த மீனவர்கள் அதில் அரிதாகவே தென்படுகின்றனர். அவர்களைக் காண உதவும் நூல்களுள் ஒன்று இப்னு பதூதாவின் பயணநூல்.

மொராக்கோவின் தான்ஜியர் நகரில் 1304-இல் பிறந்த இப்னு பதூதா, 1325-இல் ஹஜ்ஜுக்காக வீட்டை விட்டுப் புறப்பட்டார். பின்னர் தில்லியில் முஹம்மது பின் துக்ளக்கிடம் காஜியாகப் பணிபுரிந்தார். சுல்தானின் தூதராகச் சீனாவுக்குச் செல்லும் வழியில், கள்ளிக்கோட்டைக் கரையில் புயலுக்குக் கப்பலையும் பரிசுப் பொருட்களையும் இழந்தார். அதன் பிறகு அவர் சென்ற இடந்தான் மாலத்தீவு.

1343-44 காலத்தில் அங்கே கதீஜா என்ற பெண்மணி அரசியாக இருந்தார். தீவு மக்கள் இஸ்லாத்தைத் தழுவி அப்போது ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. கப்பல் ஒன்று வந்தவுடன் மக்கள் சிறு படகுகளில் எதிரே சென்று, வெற்றிலையும் இளநீரும் நீட்டுவர். அவற்றை யாரிடம் கொடுக்கிறாரோ அந்தப் பயணி, கொடுத்தவரின் விருந்தாளியாகிவிடுவார். நெருங்கிய உறவினர் வந்ததுபோல் அவருடைய மூட்டைகளைச் சுமந்து தம் வீட்டுக்கு அழைத்துச் செல்வர். இப்னு பதூதா முதலில் இறங்கிய கன்னலூஸ் தீவில் அவருக்கும் இத்தகைய வரவேற்பே கிடைத்தது.

அம்மக்களின் தொழிலையும் அவர் கூர்ந்து கவனித்துள்ளார். சூரை இன மீனைத் துண்டுகளாக வெட்டிச் சிறிது வேகவைத்து, ஓலைக் கூடைகளில் இட்டுப் புகையில் தொங்கவிட்டு உலர்த்துவர். அது இந்தியா, யமன், சீனா வரை சென்றது. இன்றும் நம் கடலோர வீடுகளிலும் இலங்கை வீடுகளிலும் சம்பலுக்கு இடித்துச் சேர்க்கும் மாசி அதுவேயாகும். ஆணி அறையாமல் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டும் மரக்கலங்களையும் அவர் விளக்குகிறார். ஆணி அறைந்த கலம் பாறையில் மோதினால் உடைந்துவிடும். தைத்த கலமோ நெகிழ்ந்து கொடுக்கும் என்பது அவர் அறிந்த உண்மை.

தீவினர் போரை அறியாதவர்கள் என்றும், துஆவே அவர்களின் ஆயுதம் என்றும் அவர் எழுதுகிறார். அங்கு காஜியாக இருந்தபோது திருடன் ஒருவனின் கையை வெட்ட அவர் ஆணையிட்டார். அவையில் இருந்தோருள் சிலர் மயங்கி விழுந்துவிட்டனர். அத்தனை மென்மையான மக்கள் அவர்கள்.

நாளடைவில் அமைச்சருடன் பிணக்கு ஏற்பட, 1344-இல் மாலத்தீவை விட்டு நீங்கி இலங்கைக்குச் சென்றார். அங்கிருந்து மஃபர் எனப்பட்ட தமிழகக் கரைக்கு வரும் வழியில் அவருடைய கலம் கரைக்கு அப்பால் ஆழமற்ற கடலில் தரைதட்டியது. உடன் வந்தோரை முதலில் தெப்பத்தில் அனுப்பிவிட்டு, நீர் ஏறிக்கொண்டிருந்த கலத்தின் பின்மேடையில் இரவு முழுவதும் காத்திருந்தார். பொழுது விடிந்தபோது படகில் வந்து அவரைக் கரை சேர்த்தவர்கள் முஸ்லிமல்லாத உள்ளூர் மக்கள். அவர்கள் பனம்பழமும் நல்ல மீனும் கொடுத்து உபசரித்தனர். தர்பூசணி போன்ற பழம், உள்ளே பஞ்சு, அதில் தேன் போன்ற சாறு என்று அவர் எழுதியிருப்பதைப் படிக்கும் நமக்கு நம் பனங்காடுகளே கண்முன் வருகின்றன.

அப்போது மதுரையை ஆண்ட கியாஸுத்தீன் அவருக்குச் சகலை முறை. அந்தச் சுல்தான், சிறைபிடித்த கிராமத்து மக்களைப் பெண்கள், குழந்தைகள் உட்படக் கொடூரமாகக் கொன்றதை இப்னு பதூதா நேரில் கண்டார். வேறெந்த அரசரிடமும் காணாத இழிசெயல் என்று அதைக் கண்டித்தார்; அதன் காரணமாகவே அல்லாஹ் அவனுடைய மரணத்தை விரைவுபடுத்தினான் என்றும் எழுதினார். உறவையும் விருந்தையும் பொருட்படுத்தாமல் முஸ்லிம் அரசர் ஒருவரின் அநீதியை அவர் பதிவு செய்தது, சொந்த உறவினருக்கு எதிராயினும் நீதிக்குச் சாட்சி சொல்ல வேண்டும் என்ற திருமறைக் கட்டளைக்கு இசைந்ததாகும்.

ஆனால் அதே நூலில் நம்மை வருத்தும் செய்தி ஒன்றும் உள்ளது. தமக்கு இளநீர் தந்து வரவேற்ற மாலத்தீவின் மீது படை அனுப்பும் திட்டத்தை அவர் இதே சுல்தானிடம் பேசினார். பயணத்துக்கு உரிய பருவம் இல்லாததாலும், சுல்தான் விரைவில் இறந்துவிட்டதாலும் அது நடக்கவில்லை. பின்னர், பிரிந்திருந்த தம் சிறு மகனைக் காண அவர் மீண்டும் அங்கே சென்றபோது, கன்னலூஸில் முன்போலவே மரியாதையுடன் வரவேற்றனர்.

இவ்விரண்டு செய்திகளையும் மறைக்காமல் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். மனிதருக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவராகமாட்டார் என்பது நபி (ஸல்) அவர்கள் காட்டிய நெறி. அந்த நெறியின்படி பார்த்தால், படகில் வந்து கை கொடுத்த பெயர் தெரியாத அந்த மக்களுக்கு நம் வரலாறு கடன்பட்டிருக்கிறது. இன்றும் நம் ஊர்களின் அருகே பல சமயத்து மீனவர்கள் வாழ்கின்றனர். அவர்கள் கடலில் காணாமற் போகும் நாளிலும், கரையில் வீடிழக்கும் நாளிலும் நாம் முதலில் சென்று நிற்பதே அக்கடனைத் தீர்க்கும் வழியாகும்.

உதவியவரை மறவாத உள்ளத்தையும், உண்மையை மறைக்காத நாவையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.