நவம்பரில் ஐந்து நாள்கள்

நவம்பர் 7 முதல் 11 வரை உள்ள நாள்களைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

நவம்பர் 7, அறிவியலாளர் இருவரின் பிறந்தநாள். 1867-இல் போலந்தின் வார்சாவில் மேரி கியூரி பிறந்தார். 1888-இல் நம் திருச்சிராப்பள்ளியில் சர் சி. வி. இராமன் பிறந்தார். இராமன் கண்ட ஒளிச்சிதறல், மருந்தின் தரத்தைச் சோதிக்கவும் இன்று உதவுகிறது.

நவம்பர் 8, வீரமாமுனிவர் பிறந்தநாள். 1680-இல் இத்தாலியில் பிறந்து, ஏலாக்குறிச்சியில் ஆலயம் எழுப்பியவர். எகர, ஒகரங்களில் குறிலும் நெடிலும் பார்த்தவுடன் தெரியும்படி எழுத்தைச் சீர்செய்தவர். சிலேட்டில் ‘ஏணி’ என்று எழுதும் குழந்தைக்கு அவர் பெயர்கூடத் தெரியாது. அவர் தந்த கொடை மட்டும் கையில் இருக்கிறது.

1895-இல் அதே நவம்பர் 8 அன்று ஜெர்மனியில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். காப்புரிமை கேட்கவில்லை, உலகுக்கே விட்டுவிட்டார். முதல் உலகப் போரில் மேரி கியூரி எக்ஸ்-ரே கருவிகளை வண்டியில் ஏற்றிப் போர்முனைக்கே கொண்டுபோனார். மகள் ஐரீனும் உடன் உழைத்தார். காயம்பட்டவரின் உடலில் குண்டு எங்கே இருக்கிறது என்று மருத்துவரால் பார்க்க முடிந்தது. ராண்ட்ஜன் அதைப் பூட்டி வைத்து விலை பேசியிருந்தால், இது அத்தனை எளிதில் நடந்திருக்குமா?

அந்தப் போர் 1918 நவம்பர் 11, காலை 11 மணிக்கு ஓய்ந்தது.

இந்த வாரம் உங்கள் வீட்டிலும் பிறந்தநாள் வரலாம். கேக் வெட்டுமுன் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: எனக்குத் தெரிந்ததைக் கைம்மாறு கருதாமல் யாருக்குக் கற்றுக்கொடுத்தேன்?