ஜீடி, சேரு, முந்திரி: பெயர் சொல்லும் உறவு

தெலுங்கில் முந்திரிப் பருப்பு ஜீடிபப்பு, மரம் ஜீடிமாமிடி. மாமிடி என்றால் மா. ஜீடி என்றால் சேராங்கொட்டை. பிரேசிலிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் கொண்டுவந்த மரத்தை நம் மண்ணின் இரண்டு மரங்களோடு சேர்த்துப் பெயரிட்டிருக்கிறார்கள். மா, முந்திரி, சேராங்கொட்டை மூன்றையும் தாவரவியலும் ஒரே குடும்பத்தில்தான் வைக்கிறது.

சேராங்கொட்டையைப் பார்த்தவர்களுக்கு இதன் காரணம் விளங்கும். ஆரஞ்சு நிறத்தில் சதைபிடித்த காம்பு, அதன் நுனியில் ஒரு கருங்கொட்டை. முந்திரியும் அப்படித்தான்: நாம் பழம் என்று தின்பது பருத்த காம்பு, வெளியே தொங்கும் கொட்டையே மெய்யான கனி. இரண்டின் ஓட்டிலும் தோலைப் புண்ணாக்கும் எண்ணெய் உண்டு. சேராங்கொட்டைச் சாற்றோடு சுண்ணாம்பு சேர்த்துச் சலவைத் தொழிலாளர் துணியில் இட்ட குறி எத்தனை வெளுப்புக்கும் அழியாது. சித்த மருத்துவர்கள் அதைச் சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்ப்பதில்லை.

சேராங்கொட்டையைக் குறிக்கும் சொல்லும் பழையது. தமிழில் சே, சேங்கொட்டை, சேராங்கொட்டை; மலையாளத்தில் சேரு; கன்னடத்தில் கேரு. தமிழ்ச் 'செவி' கன்னடத்தில் 'கிவி' ஆவதுபோல, இங்கும் சகரத்துக்கு எதிரே ககரம் நிற்கிறது. மங்களூர்ப் பக்கம் அந்தக் கேருவே முந்திரிக்கும் பெயராகிவிட்டது.

ஐரோப்பாவிலும் இதுவே நடந்தது. 'அனகார்டியம்' என்பது அங்குள்ள மருந்துக் கடைகளில் சேராங்கொட்டைக்கு வழங்கிய பெயர்; இதயத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 1753இல் லின்னேயஸ் அதை முந்திரிப் பேரினத்துக்குச் சூட்டினார். பின்னர் அவர் மகன் சேராங்கொட்டைக்குச் 'செமிகார்பஸ் அனகார்டியம்' என்று பெயர் வைத்தார். செமிகார்பஸ் என்றால் குறியிடும் கனி. குடும்பத்தின் பெயரும் அனகார்டியேசி ஆயிற்று.

தமிழ் மட்டும் வேறு வழியில் போனது. முந்திரிகை முன்பு திராட்சைக்குரிய சொல். மலையாளத்தில் முந்திரி இன்றும் திராட்சையே. கொடியில் காய்ப்பதைக் கொடிமுந்திரி என்று தமிழில் பிரித்துச் சொன்னார்கள். யாழ்ப்பாணத்தில் மரத்தில் காய்ப்பது மரமுந்திரிகை. தமிழ்ப் பெயர் திராட்சையோடு சேர்ந்துகொண்டது. மரத்தின் உறவு அதில் தெரியவில்லை. குமரி மாவட்டத்தில் முந்திரிக்கு வழங்கும் கொல்லாமா என்ற பெயரில் மட்டும் அந்த 'மா' இருக்கிறது.

உறவு தெரிந்தால் உடம்புக்கும் காப்பு. மாங்காய்க் காம்பின் பால் உதட்டைப் புண்ணாக்குவதும், முந்திரி உடைப்பவர்களின் விரல் கறுப்பதும், சேராங்கொட்டை கொப்புளம் எழுப்புவதும் ஒரே வகை வேதிப்பொருள்களின் வேலை. காட்டில் முன்பின் தெரியாத மரத்தைக் கீறி, வடியும் பால் காற்றுப்பட்டுக் கறுத்தால், கையை விலக்கிக்கொள்ள வேண்டும். மரங்களின் வட்டாரப் பெயர்களைத் தொகுப்பவர்கள் இலை, பூவோடு அந்தப் பாலின் குணத்தையும் ஊராரிடம் கேட்டு எழுத வேண்டும். ஜீடி என்று பெயரிட்டவர்களும் அதைக் கவனித்திருக்கக்கூடும்.