குழந்தையின் மார்பில் வைத்த கை

குளிர்காலத்தில் பிரான்ஸின் கைக்குழந்தைகளுக்கு வரும் ‘புரோங்கியோலித்’ என்ற மூச்சுச் சிறுகுழாய் அழற்சியைப் பற்றிய பழைய கதை இது.

2000 செப்டெம்பரில் கூடிய பிரெஞ்சு மருத்துவ மாநாடு ஒன்று, இந்நோய்க்கு மார்புப் பயிற்சிச் சிகிச்சையைச் சிபாரிசு செய்தது. ‘கினே’ ஒரு கையை மார்பிலும் மறுகையை வயிற்றிலும் வைத்து, மூச்சு வெளியேறும்போது அழுத்துவார். பிள்ளை வீறிட்டு அழும். சளி வரும். எங்கள் மகனுக்கும் செய்வித்தோம். மனைவி அடுத்த அறைக்குப் போய்விடுவார். சளியைக் கண்ணால் கண்டபின் வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

கணக்காளனான நானும் அன்று கேட்கவில்லை: செய்யாத பிள்ளைக்கு என்ன நடந்தது?

பரிஸ் பகுதியின் 7 ஆஸ்பத்திரிகளில் 496 குழந்தைகளிடம் அதைத்தான் பார்த்தார்கள். ஒரு பகுதியினருக்கு மார்பு அழுத்தம், மற்றவர்களுக்கு மூக்குச்சளி உறிஞ்சுதல் மட்டும். யாருக்கு எதுவென்று கினேக்கு மட்டுமே தெரியும். 2010இல் முடிவு வெளியானது: குணமாகும் காலத்தில் வித்தியாசமில்லை. அழுத்தப்பட்ட பிள்ளைகள்தான் கூடுதலாக வாந்தி எடுத்தார்கள். சிகிச்சை கடுமையானது என்று கூடுதலாகச் சொன்னதும் அவர்களின் பெற்றோரே. பிள்ளையின் சௌகரியம் பற்றியோ இரு தரப்புப் பெற்றோரும் ஒரேமாதிரித்தான் சொன்னார்கள்.

2019 நவம்பரில் பிரெஞ்சு சுகாதார உயர் அதிகாரசபை இச்சிகிச்சையைச் சிபாரிசு செய்வதில்லை என்றது. மூக்கைக் கழுவுங்கள், பிள்ளையைக் கவனித்திருங்கள் என்றது.

இதை வாசித்துக் காட்டினேன். “கினே வந்துபோன இரவில்தானே பிள்ளை நித்திரை கொண்டவன்” என்றார் மனைவி.