கிடையும் கோழி எருவும்

வைகை அணை 1959-ல் திறந்தாங்க. அதுக்கு ரொம்ப முன்னாடியே கம்பம் பள்ளத்தாக்கு வயல்களுக்கு எரு நடந்தே வந்துகொண்டிருந்தது. மலைமாடு பகலில் காட்டில் மேயும், ராத்திரி வயல் கிடையில் அடையும். லாரி வாடகை கிடையாது.

2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் வந்தது. அடுத்த வருஷமே காப்பகங்களுக்குள் மேய்ச்சல் கூடாதுன்னு உயர்நீதிமன்றம் சொல்லிவிட்டது. கிடை இல்லாத இடத்தில் விலைச் சரக்குதான்: யூரியா, இல்லன்னா கோழி எரு. சத்தில் குறை சொல்ல முடியாது. தொழு உரத்தில் தழைச்சத்து அரை சதவீதம், கோழி எருவில் சுமார் 3. என்ன, சூடு அதிகம். மட்காமல் போட்டால் வேர் வெந்துபோகும்.

கோழி தின்ற மக்காச்சோளம் எங்கேயோ விளைந்தது. அந்த ஊர் மண்ணின் சத்துதான் நமக்கு மூட்டையில் வருகிறது. கொடுத்த மண் என்னவாகும்? நவ்ரு தீவைப் பாருங்கள், வெறும் 21 சதுர கிலோமீட்டர். பறவை எச்சத்தில் உண்டானதென்று பொதுவாகச் சொல்லப்படும் அதன் பாஸ்பேட்டை 1907 முதல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வயல்களுக்குக் கப்பலேற்றினார்கள். இன்று தீவின் நடுவே சுண்ணாம்புப் பாறை முட்கள்தான். சாப்பாடு பெரும்பாலும் கப்பலில் வருகிறது.

புலி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மலைமாடு இனி எங்கே மேயணும் என்பதையும் யாராவது சொல்லணும் இல்லையா?