யானைத்தீக்குப் பின்

மணிமேகலையில் வரும் காயசண்டிகையின் கதையை அமுதசுரபியின் பெருமைக்கு ஒரு சான்றாகவே நாம் வாசித்துவந்திருக்கிறோம். பொதியில் மலைப்பக்கம் வந்த வித்தியாதரப் பெண், பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் உண்ணும் முனிவன் தேக்கிலையில் வைத்துவிட்டுப் போன நாவல்பழத்தைக் காலால் சிதைத்துவிடுகிறாள். சாபம் விழுகிறது: பன்னிரண்டு ஆண்டுகள் யானைத்தீ, எவ்வளவு தின்றாலும் அடங்காத பசி. காவிரிப்பூம்பட்டினத்தில் மணிமேகலை இட்ட ஒரு பிடிச் சோற்றில் அது அவிகிறது. பாடப்புத்தகம் இங்கே நின்றுவிடும். சாத்தனார் நிற்கவில்லை. ஊர் திரும்பப் பறந்தவளை விந்திய மலையைக் காக்கும் விந்தாகடிகை பிடித்திழுத்துத் தன் வயிற்றில் அடக்கிக்கொள்கிறாள். பசி தீர்ந்தவளை இன்னொரு வயிறு விழுங்கிவிட்டது.

இதில் இரண்டு விஷயங்கள் கவனிக்கத்தக்கவை. ஒன்று, சாத்தனார் அவளுடைய பசியை நோய் என்றே சொல்கிறார். அவள் தீனிக்காரி என்ற தீர்ப்பு காவியத்தில் இல்லை. இரண்டு, நோய் தீர்வதோடு நோயாளியின் கதை தீர்வதில்லை. உடல் பருமனுக்காக இரைப்பையை அறுத்துக்கொள்ளும் சிகிச்சையின் சரித்திரத்தைக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து, சில ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்துப் படித்தபோது இவ்விரண்டும்தான் எனக்கு வழிகாட்டின. அந்தச் சிகிச்சை எனக்கு நடந்திருக்கிறது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒளித்துவைத்துக் கடைசிப் பாராவில் திறந்துகாட்டுவது சிறுகதைக்காரர்களின் தொழில்.

1

1881-ல் வியன்னாவில் பில்ரோத் புற்றுநோய் கண்ட இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டியெடுத்துவிட்டு நோயாளியை உயிரோடு எழுப்பினார். அதே ஆண்டில் அவருடைய உதவியாளர் வோல்ஃப்ளர் இரைப்பையைச் சிறுகுடலோடு நேராக இணைத்துத் தைத்தார். பின்னால் வந்தவை எல்லாம் இந்த இரண்டு தையல்களின் சந்ததி.

தமிழ் பேசும் மண்ணில் இந்தத் தையல் வேரூன்றிய இடங்களில் முக்கியமானது நெய்யூர். 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் மலையேறிய ஹோவர்ட் சோமர்வெல், முதல் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப்பார்க்க வந்தவர். அன்று திருவிதாங்கூரிலும் இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலும் இருக்கிற அந்த ஊரின் மிஷன் ஆஸ்பத்திரியில் காத்துக்கிடந்த கூட்டத்தைப் பார்த்து, லண்டனில் அமையவிருந்த வாழ்க்கையை விட்டுவிட்டு அங்கேயே வேலை செய்வதென்று தீர்மானித்தார். வந்தவர்களில் மிகப் பலருக்கு வயிற்றுப்புண். 1936-ல் அவரும் சக மருத்துவர் ஒருவரும் அந்த அனுபவத்தைத் தொகுத்துப் பிரிட்டிஷ் அறுவைசிகிச்சை இதழ் ஒன்றில் எழுதினார்கள். குன்னூர் ஆய்வுக்கூடத்தில் மக்கரிசன் திருவிதாங்கூர் ஏழைகளின் மரவள்ளிக்கிழங்குச் சாப்பாட்டை எலிகளுக்குப் போட்டுப் பார்த்தார். எலிகளுக்கும் புண் வந்தது. பின்னர் சோமர்வெல் வேலூரில் கற்பித்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் இரைப்பை குடல் அறுவைசிகிச்சையைத் தனித் துறையாக வளர்த்த ரங்கபாஷ்யத்தின் காலம்வரை, தென்னிந்தியாவின் வயிறு என்றாலே புண்பட்ட வயிறுதான்.

என் தாத்தாவுக்கு 1970களின் தொடக்கத்தில் அந்த ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பின் அவர் வீட்டில் ஒரு தனி ஸ்தானம் பெற்றார். மூன்று மணிக்கொருமுறை அவருக்கென்று குழைந்த சாதம். பந்தியில் அவர் இலையில் பாதி மிச்சமிருந்தால் யாரும் பேசமாட்டார்கள். "வயிறு அறுத்த மனுஷன்" என்று பாட்டி சொல்வதில் பரிவும் கொஞ்சம் பெருமையும் இருந்ததாக அப்பா சொல்வார்.

ஆனால் பரிவுக்கு அடியில் ஒரு தீர்ப்பும் இருந்தது. புண் ஏன் வந்தது? மிளகாய், காபி, வெற்றிலை, கவலை, எல்லாவற்றுக்கும் மேலாகக் கோபம். வைத்தியரும் குடும்பமும் இதில் ஒரே கட்சி. அல்சர்காரன் என்பது நோயின் பெயராக இல்லாமல் ஒரு மனித வகையின் பெயராயிற்று. 1982-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் இரைப்பையில் வாழும் ஒரு கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து நோயை வரவழைத்துக்கொண்டார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு. பெரும்பாலான புண்கள் இன்று இரண்டு வார மாத்திரையில் ஆறுகின்றன. ஒரு கிருமி வந்து ஒரு குணச்சித்திரத்தையே ரத்துசெய்துவிட்டது. தாத்தாவின் கோபம், வயிற்றோடு சம்பந்தமில்லாத, வெறும் கோபமாக மிஞ்சியது.

காரணம் தெரியாத நோய்க்கு நாம் ஒழுக்கத்தைக் காரணமாக வைக்கிறோம் என்பதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

2

புண்ணுக்காக இரைப்பையின் பகுதியை இழந்தவர்கள், குறிப்பாகப் பெண்கள், பின்னர் எடை கூடாமலே இருந்துவிடுவதை அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் கவனித்தார். ஒரு சிகிச்சையின் பக்கவிளைவு இன்னொன்றின் நோக்கமாகலாமே என்ற யோசனையில் 1966-ல் அவரும் இட்டோவும் பருமனுக்கான முதல் இரைப்பை மாற்றுவழி ஆபரேஷனைச் செய்தார்கள். என் தாத்தாவை அறுத்த கத்தியும் என்னை அறுத்த கத்தியும் ஒரே வம்சம் என்று நான் சொல்வது அலங்காரத்துக்காக அல்ல.

1987-ல் ஸ்வீடனில் தொடங்கிய நீண்ட ஆய்வு ஒன்று, ஆபரேஷன் செய்துகொண்ட சுமார் 2,000 பேரையும், செய்துகொள்ளாத ஏறக்குறைய அதே எண்ணிக்கையினரையும் தொடர்ந்து கவனித்தது. அறுத்துக்கொண்டவர்களிடையே மரணம் குறைவு என்று 2007-ல் அறிவித்தது. இதற்கிடையில் பசியின் ரசாயனமும் வெளிப்பட்டது. 1994-ல் லெப்டின்: கொழுப்புத் திசு மூளைக்கு அனுப்பும் செய்தி. 1999-ல் ஜப்பானில் கொஜிமாவும் கங்காவாவும் கண்ட கிரெலின்: இரைப்பை மூளைக்கு அனுப்பும் பசிச் செய்தி. அது பெருமளவில் சுரப்பது இரைப்பையின் மேல்வளைவில். எனக்குச் செய்தது போன்ற ஆபரேஷனில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல், அந்த வளைவோடு சேர்த்து, எடுக்கப்படுகிறது. வாழைப்பழம் போல ஒரு குழாய் மிஞ்சும். எடை குறைந்த உடம்பு இழந்ததை மீட்கப் பசியைக் கூட்டுகிறது, எரிப்பதைக் குறைக்கிறது. பட்டினி கிடந்து இளைத்தவர்களில் பெரும்பாலோர் திரும்பப் பருப்பதன் காரணம் அதுதான். அதை மனவுறுதியின்மை என்று அழைப்பது, புண்ணைக் கோபம் என்று அழைத்த அதே காரியம். யானைத்தீக்கு இப்போது ஒரு விலாசம் கிடைத்திருக்கிறது. சாத்தனார் விலாசம் இல்லாமலே நோய் என்று எழுதினார்.

3

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் எடை 128 கிலோ, சர்க்கரை, இரவில் மூச்சடைப்புக்கு முகத்தில் மாட்டும் இயந்திரம். இன்று 84 கிலோ. இயந்திரம் பரண்மேல் இருக்கிறது. இரும்பு, பி12 மாத்திரைகள் ஆயுளுக்கும். நான்காம் மாதம் கொத்துக்கொத்தாக முடி உதிர்ந்தது. வேகமாகச் சாப்பிட்டால் வியர்த்துப் படபடக்கும். இதெல்லாம் டாக்டர் முன்கூட்டிச் சொன்னவை. அவர் சொல்லாதது மற்றவர்களைப் பற்றி.

முதல் கட்டம் சந்தேகம். கிளையில் கவுண்டருக்கு அந்தப்பக்கம் நின்று, பல வருஷமாகத் தெரிந்த வாடிக்கையாளர் குரலைத் தாழ்த்துவார்: "என்ன சார், சுகரா? வேற ஏதாவதா?" நம் ஊரில் இளைப்பது என்றால் காசநோய், புற்றுநோய், பிறகு பெயர் சொல்லாத அந்த நோய். இரண்டாம் கட்டம், விஷயம் தெரிந்தபின். கோட்டூர்புரத்தில் காலைநடை ஏறக்குறைய ஒரு மதம், மரப்பூங்காவில் நடந்து மூன்று கிலோ குறைத்தவர் ஒருவர் என்னை நிறுத்திச் சொன்னார்: "கத்தி வச்சா யார்தான் சார் இளைக்கமாட்டா? நடந்து குறைக்கணும்." கல்யாணப் பந்தியில் என் இலையைப் பார்த்த பெரியப்பா, "சாப்பாட்ட வேணாம்னு சொல்றதுக்குக் காசு குடுத்தவன் நம்ம குடும்பத்துல நீ ஒருத்தன்தான்டா" என்றார். தாத்தாவின் பாதி இலை பரிவுக்குரியது; என்னுடைய பாதி இலை அன்னத்துக்குச் செய்த அவமரியாதை. அறுத்த இடம் ஒன்றுதான். குண்டாக இருந்தபோது நான் பலவீனன், இளைத்தபோது ஏமாற்றுக்காரன்.

இது என் தனிப்பட்ட மனக்குறை அல்ல என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. ஒரே பெண்ணின் படங்களைக் காட்டி, உணவைக் கட்டுப்படுத்தி இளைத்தாள் என்று சிலரிடமும் ஆபரேஷனில் இளைத்தாள் என்று சிலரிடமும் சொல்லிப்பார்த்த உளவியல் ஆய்வு ஒன்று 2013-ல் வெளிவந்தது. ஆபரேஷன் என்று கேட்டவர்கள் அவளைச் சோம்பேறி, திறமை குறைந்தவள் என்று மதிப்பிட்டார்கள். முகம் மாறவில்லை, வரலாறு மாறியது, உடனே குணமும் மாறிவிட்டது.

ஆபத்து இல்லாத காரியம் என்றும் நான் பிரசாரம் செய்யவில்லை. 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரில் இந்தச் சிகிச்சைக்குப் போன புதுச்சேரி இளைஞர் ஒருவர் இறந்தார், அரசாங்கம் விசாரித்தது. அந்த வாரம் எங்கள் கிளையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேட்ட பேச்சில் மயக்க மருந்தோ அவசர வசதியோ இடம்பெறவில்லை. "வாயைக் கட்டியிருக்கலாம்" என்றுதான் பேசினார்கள். சிகிச்சைக்குப் போய் இறந்தவனையும் விந்தாகடிகை விடவில்லை.

4

இனி நம்மிடம் வருகிறேன். தமிழ் சினிமா பருத்தவர்களுக்கு உருவத்தையே அடைமொழியாக வைத்தது: 1940களில் புளிமூட்டை ராமசாமி, பின்னர் குண்டு கல்யாணம். அதை மட்டமான ரசனை என்று நாம் எளிதில் ஒதுக்கிவிடலாம். ஆனால் நம் தீவிர எழுத்து என்ன செய்திருக்கிறது? வட்டிக்காரனுக்குத் தொந்தி, மிராசுதாருக்குத் தொந்தி, ஊழல் அதிகாரிக்குத் தொந்தி. பிரக்ஞையுள்ளவன் எப்போதும் ஒட்டிய கன்னத்தோடு, எலும்பு தெரிய, சிகரெட்டோடு வருவான். சதையை ஒழுக்கத்தின் சுருக்கெழுத்தாக நாமும் உபயோகித்திருக்கிறோம். சினிமாக்காரன் சிரிப்புக்காகச் செய்ததை நாம் தத்துவத்துக்காகச் செய்தோம். பஞ்சம் நினைவில் இருந்த காலத்தில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. தின்றவன் பிறன் பங்கைத் தின்றவனாகவே இருந்திருக்கலாம். தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 2015-16-ல் தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 சதவிகிதம் அதிக எடையுள்ளவர்கள்; 2019-21-ல் 40.4. ஆண்கள் 28.2-லிருந்து 37. பத்தில் நான்கு பெண்கள் மிராசுதாரர்கள் ஆகிவிடவில்லை. அரிசியும் எண்ணெயும் மலிந்து, உடலுழைப்பு குறைந்து, பஞ்சத்துக்குப் பழகிய உடம்பு மிகுதிக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. நம் படிமம் இன்னும் பழைய இடத்திலேயே நிற்கிறது.

இதன் மறுபக்கம் தவம் பற்றிய நம் எண்ணம். வருத்தி இளைத்தால் புண்ணியம். வருந்தாமல் இளைத்தால் திருட்டு. இதற்குக் காரைக்கால் அம்மையாரைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் பெரிய புராணத்தைத் திரும்பப் படிக்கவேண்டும். அவர் பட்டினி கிடந்து எலும்பாகவில்லை. கணவனுக்காகச் சுமந்த சதை இனி வேண்டாமென்று கேட்டார். கேட்ட கணத்தில் உதிர்ந்தது. உழைத்துப் பெறாத இளைப்பு அது. வழியில் கண்டவர்கள் அஞ்சி ஓடினார்கள். என்னை அறியாதவர்களுக்கு நான் எவ்வுருவாய்த் தெரிந்தால் என்ன என்பதே அவருடைய நிலை. அந்த நிதானத்துக்குப் பின்னால் ஒரு கடவுள் இருந்தார். எனக்கு அந்த வசதி இல்லை. ஒன்பதே முக்கால் மணிக்குக் கவுண்டரைத் திறக்கவேண்டும்.

என் அனுபவத்தில் என்னைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாத எழுத்து ஒன்றே ஒன்று. காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் 2019-ல் வகுத்த விதி. வயது 18-க்குக் குறையக்கூடாது, டாக்டர் சொல்லியிருக்கவேண்டும், உடல் நிறைக் குறியீடு 40 அல்லது அதற்கு மேல், அல்லது 35 அல்லது அதற்கு மேல் இருந்து, மற்ற வழிகள் பலிக்காமல், இதயநோய், கடுமையான தூக்க மூச்சடைப்பு, கட்டுப்படாத சர்க்கரை இவற்றில் ஒன்று. விலக்குகளின் பட்டியலில்தான் அதை அச்சடித்திருக்கிறார்கள். அங்கேயும் வாசற்படியில்தான் இடம். இருந்தாலும் அது என் எடையைக் கேட்டது, உயரத்தைக் கேட்டது, சர்க்கரையைக் கேட்டது. நான் எப்படிப்பட்டவன் என்று கேட்கவில்லை. ஒரு குமாஸ்தாவின் வறண்ட வாக்கியத்தில் இருந்த நாகரிகம் நம் கவிதைகளிலும் கதைகளிலும் இல்லை என்பதை எழுதுகிறவர்கள் யோசிக்கவேண்டும்.

2025-ல் எடை குறைக்கும் ஊசிகள் இந்தியச் சந்தைக்கு வந்துவிட்டன. "ஊசி போட்டு இளைச்சான்" என்ற வாக்கியம் இப்போதே புழக்கத்தில் இருக்கிறது. கத்தி போய் ஊசி வரும், ஊசி போய் மாத்திரை வரும். அல்சர்காரன் மறைந்தது போலத் தீனிக்காரனும் ஒருநாள் அகராதியிலிருந்து மறையலாம். அதுவரை காத்திராமல், நம் அடுத்த கதையில் ஒரு பருத்த மனிதன் வரும்போது அவனுக்கு என்ன வேலை, என்ன கவலை, யாரைப் பிடிக்கும் என்று முதலில் எழுதிப்பார்க்கலாம்.