சூழல் மாறி சுமந்த ரகசியம்

சூழல் மாறி, அதாவது புரோகிராமுக்கு வெளியிலிருந்து பெயரும் மதிப்புமாகப் போய்ச் சேரும் அமைப்பு, இன்று நாம் அறிந்த வடிவில், 1979-இல் பெல் ஆய்வகத்தின் யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு பிறந்தது. கட்டளைகளை எந்த ஃபோல்டர்களில் தேடுவது, பயனரின் ஹோம் ஃபோல்டர் எது, டெர்மினல் எந்த வகை என்பது போன்ற சில்லறை விவரங்களே அன்று அதன் சுமை. தாய் புரோகிராம் ஒரு சேய் புரோகிராமைத் தொடங்கும்போது இவற்றின் நகலும் கூடவே போகும். சேய் அதில் எதை மாற்றினாலும் தாயை அது எட்டாது. அந்த விதி இன்றும் மாறவில்லை.

ரகசியம் காக்கும் வேலை பின்னால்தான் வந்து சேர்ந்தது. கிளவுட் நிறுவனமான ஹெரோகுவின் ஆடம் விகின்ஸ் 2011-இல் வெளியிட்ட ‘ட்வெல்வ் ஃபேக்டர் ஆப்’ வழிகாட்டி, இடத்துக்கு இடம் மாறும் அமைப்புகளைக் கோடில் எழுதாமல் சூழல் மாறியில் வைக்கச் சொன்னது. அதற்கு ஒரு சோதனையும் வைத்தது: கோடு முழுவதையும் இந்த நிமிடமே ஊரறியத் திறந்துவிட்டால் ஏதாவது கடவுச்சொல் கசியுமா?

லேப்டாப்பில் வேலை செய்பவர் ஒவ்வொரு முறையும் மாறிகளைத் தட்டிக்கொண்டிருக்க முடியுமா? ‘டாட் என்வ்’ கோப்பு பரவியது அதனால்தான். வரிக்கு ஒரு பெயர், சமக்குறி, மதிப்பு. 2015-இல் டெலிகிராம், தானாக இயங்கும் பாட்களுக்கு வழிவிட்ட பிறகு, அவற்றைப் பதிவு செய்யும் பாட்ஃபாதர் தரும் டோக்கனும் இதில் குடியேறியது. சில எண்கள், ஒரு முக்காற்புள்ளி, பிறகு தாறுமாறான எழுத்துகள். அது யார் கையில் இருக்கிறதோ, பாட் அவர் சொன்னபடி ஆடும்.

கோப்பு பொதுவாக பாட் தொடங்கும்போது ஒருமுறைதான் படிக்கப்படும். திருத்தினால் பாட்டை நிறுத்தி மறுபடி ஓட்ட வேண்டும். மதிப்பு எல்லாமே எழுத்துச்சரம். ‘ஃபால்ஸ்’ என்று எழுதிவைத்தாலும், நேரடியாகச் சோதித்தால் ஜாவாஸ்கிரிப்ட் அதை ‘ஆம்’ என்றே கொள்ளும். மக்கள் பயன்படுத்தும் பாட்டின் டோக்கனையே லேப்டாப்பிலும் போட்டு, இரண்டு பக்கமும் போலிங் முறையில் (‘புதுச் செய்தி உண்டா’ என்று திரும்பத் திரும்ப) கேட்டால், டெலிகிராம் 409 என்ற பிழையைத் திருப்பும். சோதனைக்கென்று தனி பாட், தனி டோக்கன் வாங்குவதே சரி.

இத்தனை நம்பிக்கை வைத்தாலும் டாட் என்வ் பூட்டில்லாத வெறும் டெக்ஸ்ட் கோப்புதான். கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் முதல் கமிட்டுக்கு (பதிவுக்கு) முன்பே, எதை விட்டுவிட வேண்டும் என்று சொல்லும் கிட்இக்னோர் கோப்பில் அதன் பெயரைச் சேர்த்துவிடுங்கள். கூட வேலை செய்பவர்களுக்கு, மதிப்புகளை நீக்கி மாறிகளின் பெயர் மட்டும் உள்ள மாதிரிக் கோப்பைக் கொடுங்கள். தவறிப்போய் டோக்கன் கிட்டில் ஏறிவிட்டால், அடுத்த கமிட்டில் அழிப்பதால் பயனில்லை. பழைய வரலாற்றில் அது கிடக்கும். முதல் வேலையாக பாட்ஃபாதரிடம் போய் அந்த டோக்கனை ரத்து செய்துவிட்டுப் புதியது வாங்குங்கள்.